கணினி கேள்வி பதில்: லைட்டான ஆன்ட்டிவைரஸ் எது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேரனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பை இப்போது நான்தான் பயன்படுத்துகிறேன். 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. போன வருடம் ஒரு கடையில் ஆன்ட்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆன் செய்தால் திரை வந்து நிற்கவே பத்து நிமிடம் ஆகிறது. இப்போது "லைசென்ஸ் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும்" என்று தினமும் கேட்கிறது. கணினியை இழுத்துப் பிடிக்காத, லைட்டான ஆன்ட்டிவைரஸ் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் அம்மா.
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: ஐயா, பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். அதை நீங்கள் வாங்கவும் வேண்டாம், டவுன்லோடு செய்யவும் வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு எல்லா விண்டோஸிலும் கூடவே வருகிறது. வெளியிலிருந்து வேறு ஆன்ட்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கி வழிவிடும். அதை எடுத்துவிட்டால் தானாகவே திரும்ப வேலையைத் தொடங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, லைசென்ஸ் முடிந்த அந்த ஆன்ட்டிவைரஸை முழுதாக நீக்குவது. காலாவதியான ஆன்ட்டிவைரஸ் மாதிரி கெடுதலான பொருள் கணினியில் வேறில்லை. புது வைரஸ்களின் விவரம் அதற்கு வராது. ஆனால் நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் பழையபடி பிரித்துப் பார்த்து நேரத்தைத் தின்னும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ரிமூவல் டூல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதை இறக்கி ஓடவிட்டால் மிச்சமும் போய்விடும். ரீஸ்டார்ட் செய்தபின் ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறங்கள். வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன் என்ற இடத்தில் பச்சை டிக் இருந்தால் டிஃபெண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"இலவசமாக வருவது நல்லதாக இருக்குமா?" என்று எங்கள் கடைக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2013 வாக்கில் சோதனைக் கூடங்களில் டிஃபெண்டர் கடைசி வரிசையில்தான் இருந்தது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் உள்ள ஏவி-டெஸ்ட் கூடத்தின் பாதுகாப்புச் சோதனையில் 6-க்கு 6 மதிப்பெண்ணைப் பலமுறை வாங்கியிருக்கிறது. வீட்டில் மெயில் பார்த்து, பேப்பர் படித்து, கட்டுரை டைப் செய்கிற உங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

அடுத்தது, மெதுவாக இருப்பதற்கு ஆன்ட்டிவைரஸ் மட்டும்தான் காரணமா என்று பார்த்துவிடுவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். கீழே "மோர் டீடெயில்ஸ்" இருந்தால் அதைத் தட்டுங்கள். மேலே சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக சதவீதம் ஓடும். டிஸ்க் என்பதன் தலையில் ஒரு தட்டு தட்டினால், டிஸ்கை அதிகம் பயன்படுத்துகிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். ஆன் செய்த உடனே பார்த்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து அரசு லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் ஒரு ஊசி போன்ற கை தட்டின்மேல் அங்குமிங்கும் நகர்ந்துதான் ஒவ்வொரு ஃபைலையும் படிக்க வேண்டும். விண்டோஸ் ஒரு பக்கம் இழுக்கும், அப்டேட் ஒரு பக்கம், ஆன்ட்டிவைரஸ் ஒரு பக்கம். கை ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பத்து நிமிடம்.

அதே பட்டியலில் "ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்" என்று ஒரு பெயர் வரும். பயப்பட வேண்டாம், அதுதான் டிஃபெண்டர். சாதாரணமாக 200 எம்பி சுற்றி மெமரி எடுக்கும். குரோமில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்து வைத்தாலே அதைவிட அதிகம் எடுத்துவிடும்.

ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். 256 ஜிபி உங்களுக்கு ஏராளம். அதில் நகர்கிற பாகமே கிடையாது. எங்கள் கடைக்கு வருகிற பழைய லேப்டாப்களில் இந்த ஒரு மாற்றம் கொடுக்கிற வேகத்தை எந்த ஆன்ட்டிவைரஸை மாற்றினாலும் கொடுக்க முடியாது. ஆன்ட்டிவைரஸுக்கு வருடாவருடம் கட்டுகிற பணத்தை ஒருமுறை இதில் போடுங்கள் ஐயா. பழைய டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிறிய உறை ஒன்றில் போட்டு யுஎஸ்பி வழியாக மாட்டினால், உங்கள் கட்டுரைகளுக்கு பேக்கப் எடுத்துவைக்க உதவும்.

கேள்வி: டிஃபெண்டர் இருக்கும்போதே இன்னொரு ஆன்ட்டிவைரஸும் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே அக்கா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: இல்லை தம்பி. ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் அதைப் பிடித்துச் சோதிக்கப் பார்க்கும். ஒன்றின் வைரஸ் விவரக் கோப்பையே மற்றது வைரஸ் என்று பிடிப்பதும் உண்டு. அதனால்தான் வெளி ஆன்ட்டிவைரஸ் வந்ததும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் வெளியிலிருந்தே இரண்டு போட்டால் சிக்கல்தான்.

இவை விண்டோஸின் அடி ஆழத்தில் உட்காரும் புரோகிராம்கள். அங்கே ஒரு தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் போய் நின்றன. விமானங்கள் ரத்தாயின. அவ்வளவு ஆழத்தில் ஒன்று போதும்.

சந்தேகத்துக்கு இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் மாதிரி, இன்ஸ்டால் செய்யாமல் ஒருமுறை ஓடவிட்டு அழித்துவிடுகிற ஸ்கேனர்களைப் பயன்படுத்துங்கள். அவை பின்னால் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்காது. நம் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இப்படி இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் போட்டு பிரின்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. மகளின் புராஜெக்ட் அதில்தான் இருக்கிறது. எல்லாம் அழிந்துவிட்டதா?
(இல்லத்தரசி, கோவில்பட்டி)

பதில்: அழியவில்லை அம்மா, நிம்மதியாக இருங்கள். இந்தச் சிக்கலோடு வருகிற எல்லோரையும் நான் முதலில் உட்கார வைத்துச் சொல்வது இதைத்தான். பென்டிரைவை ஃபார்மேட் மட்டும் இப்போதைக்குச் செய்துவிடாதீர்கள். அந்த ஷார்ட்கட் மேல் டபுள் கிளிக்கும் செய்யாதீர்கள். அது உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டும், கூடவே வைரஸையும் உங்கள் கணினியில் ஏற்றிவிடும். ஃபோல்டர் திறந்துவிட்டதே என்று நாமும் கவனிக்க மாட்டோம். இந்த வைரஸ் ஊர் ஊராகப் பரவுவதே அப்படித்தான்.

அது செய்கிற வேலை எளியது. உங்கள் ஃபோல்டரை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்துகிறது. ஆகவே மறைத்ததை வெளியே கொண்டுவந்தால் போதும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே வியூ என்பதில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்யுங்கள். அப்புறம் ஆப்ஷன்ஸ் போய், வியூ பட்டியலில் "ஹைடு புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதன் டிக்கை எடுங்கள். எச்சரிக்கை ஒன்று கேட்கும், யெஸ் கொடுங்கள். இப்போது இடது பக்கப் பட்டியலிலிருந்து பென்டிரைவைத் திறந்தால், உண்மையான ஃபோல்டர்கள் வெளிறிய நிறத்தில் தெரியும். சில சமயம் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். பெயர் இல்லாததால் வெறும் இடம் மாதிரி தெரியும், உற்றுப் பாருங்கள்.

அதன் உள்ளே போய் மகளின் வேர்டு, பிபிடி, போட்டோக்களை மட்டும் டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். ஷார்ட்கட் எதையும், நீங்கள் உருவாக்காத ஃபைல் எதையும் தொடாதீர்கள். பிறகு அந்தப் புது ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். மகளின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்த பிறகு பென்டிரைவை ஃபார்மேட் செய்துகொள்ளலாம். ஆப்ஷன்ஸில் எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஷார்ட்கட்டைக் கிளிக் செய்திருந்தால் கணினியிலும் ஒரு ஃபுல் ஸ்கேன் அவசியம். இரவு சாப்பாடு முடிந்து ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள்.

இனிமேல் பிரின்ட் எடுக்க பென்டிரைவைத் தவிர்த்து, பிடிஎஃப்-ஆக மாற்றி கடைக்காரரின் மெயிலுக்கு அனுப்பினால் வைரஸ் உங்கள் வீட்டுக்குத் திரும்பி வராது. ஆனால் ஒன்று: ஆதார், பான் கார்டு என்றால், பிரின்ட் வந்ததும் அவர் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆதாருக்கு கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை அதன் இணையதளத்திலேயே எடுக்கலாம். பெண்பிள்ளைகளின் முகவரியும் பிறந்த தேதியும் யார் யார் கணினியிலோ கிடப்பது எனக்கு எப்போதும் மனதை உறுத்துகிற விஷயம்.

கேள்வி: திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று அடிக்கடி வருகிறது. பெரிய ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் படமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆன்ட்டிவைரஸை நான் போடவே இல்லை.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: போடாத ஆன்ட்டிவைரஸ் பேசாது. அந்த அறிவிப்பை உற்றுப் பாருங்கள், குரோமின் சின்னமும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் பொடியாகத் தெரியும். எப்போதோ படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன தளத்தில் "அலவ்" என்று தட்டியிருப்பீர்கள். அதன் பலன்தான் இது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். வைரஸ் ஸ்கேனே தேவைப்படாமல் அன்றே நின்றுவிடும்.

இதன் முரட்டு அண்ணன் ஒன்று இருக்கிறது. திரை முழுவதையும் அடைத்து, சத்தமாக அலாரம் அடித்து, "மைக்ரோசாஃப்ட்டை அழைக்கவும்" என்று ஒரு போன் நம்பரைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் கொடுப்பதே இல்லை. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு மூடிவிடலாம். முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் போய் பிரவுசரை நிறுத்துங்கள். அந்த நம்பருக்கு அழைத்துவிட்டால், எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி, உங்கள் திரையை அவர்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். யாராவது அப்படி மாட்டிப் பணம் போயிருந்தால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கை மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு.

கேள்வி: பணம் கட்டி வாங்குவதென்றால் எது? இலவச ஆன்ட்டிவைரஸ்கள் நம் விவரங்களை விற்கின்றன என்கிறார்களே, உண்மையா?
(தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

பதில்: நடந்திருக்கிறது. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் இணையத்தில் பார்த்தவற்றின் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. விஷயம் வெளியே வந்து 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி உத்தரவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. ஒன்று பிடிக்காமல் மற்றொன்றுக்குப் போனாலும் அதே வீட்டுக்குள்தான் போகிறீர்கள்.

பணம் கட்டுவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் கேம் தளங்களில் கண்டதையும் இறக்குகிறார்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ போனில் பேசி உதவி கேட்க ஓர் ஆள் வேண்டும், இப்படி. சென்னையைச் சேர்ந்த கே7 நிறுவனம் 1991 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் கூடம், ஃபைல் காப்பி செய்வது, புரோகிராம் திறப்பது, இணையப்பக்கம் பார்ப்பது என்று தனித்தனியாக வேகத்தைச் சோதிக்கிறது. அதில் கே7 பலமுறை மேல் வரிசையில் வந்திருக்கிறது. ஸ்லோவாக்கியாவின் ஈசெட்டும் கணினியைப் படுத்தாது என்று நெடுநாளாகப் பெயர் வாங்கியது. எதுவானாலும் முதலில் டிரையல் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சோதனைக் கூடத்துக் கணினி வேறு, உங்கள் வீட்டுக் கணினி வேறு. பிரவுசர், விபிஎன், கிளீனர் என்று கூடவே வருகிறவற்றை இன்ஸ்டால் செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணினியை பாரமாக்குவது பெரும்பாலும் அவைதான்.

கேள்வி: நான் திருமண போட்டோகிராபர். எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் வெர்ஷன் போடும்போது "ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்கிறது. செய்யலாமா?
(வாசகர், ஆத்தூர்)

பதில்: செய்யாதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுப் பூட்டைக் கழற்றிவிட்டு அப்புறம் உள்ளே வருகிறேன் என்பவரை யாராவது விடுவோமா?

ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர். அதில் ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் அழைக்கப்படும் குடும்பம் ஒன்று இருக்கிறது. அது பரவுவதே முக்கியமாக கிராக், போலி லைசென்ஸ் எண் உருவாக்கித் தரும் கீஜென் வழியாகத்தான். எங்கள் கடைக்கு ஒரு போட்டோகிராபர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு போட்டோவின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி. அடுத்த நாள் ஒரு குடும்பத்துக்கு ஆல்பம் கொடுக்க வேண்டியவர் அவர். அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் தாத்தா எடுத்துக்கொண்ட கடைசிப் படங்களும் அதில் இருந்தன. கேமரா மெமரி கார்டை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்த ஒரு நிகழ்ச்சி மட்டும் தப்பித்தது. மற்ற வருடங்கள் போனது போனதுதான்.

இந்தக் குடும்பத்தின் பழைய 148 வகைகளைத் திறக்க எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-ல் இலவசக் கருவி வெளியிட்டது. நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் இப்படிப்பட்ட கருவிகளை எல்லாம் ஒரே இடத்தில் தேடலாம். ஆனால் புது வகைகள் பெரும்பாலும் அதற்கு மசியாது. ஆகவே வேலை முடிந்த அன்றே வெளி ஹார்டு டிஸ்க் இரண்டில் காப்பி எடுங்கள். எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் பகுதியில் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆன் செய்தால், அறிமுகமில்லாத புரோகிராம் எதுவும் நீங்கள் சொன்ன ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேரையும் முதலில் தடுக்கும், அதற்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். சாஃப்ட்வேருக்கு மாதச் சந்தா கட்ட முடியாத நிலையென்றால் டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் சட்டப்படி இலவசம். பழக ஒரு மாதம் கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதாமே. நல்ல ஆன்ட்டிவைரஸ் போட்டால் அதிலேயே தொடரலாமா?
(வாசகி, தென்காசி)

பதில்: ஆன்ட்டிவைரஸ் அந்த வேலையைச் செய்யாது அம்மா. விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டைகளை அடைப்பது அப்டேட்தான். 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த வான்னாகிரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. பெரும்பாலும் அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" என்று ஓர் இணைப்பு வந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய், செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே சேரலாம். இணைப்பே தெரியவில்லை என்றால், முதலில் 22எச்2 பதிப்புக்கு அப்டேட் செய்யுங்கள். டிஃபெண்டருக்கு மட்டும் வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும், ஆனால் அது ஓட்டையை அடைக்காது.

நீட்டிப்பு முடிவதற்குள் விண்டோஸ் 11 உங்கள் கணினியில் ஏறுமா என்று பார்த்துவிடுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியு வேண்டும். ஏறாது என்றால், பயன்பாடு இணையமும் டைப்பிங்கும் மட்டும்தான் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின், எக்ஸ்எஃப்சிஇ என்ற லைட்டான பதிப்பை 4 ஜிபி ராமில் தயங்காமல் போடலாம். தமிழ் விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அதில் ஆன்ட்டிவைரஸ் தனியாகப் போட வேண்டியதில்லை. உங்கள் பிரின்டர் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் சொல்கிறேன்.